சுண்ணாம்புப் பூச்சு

ஷேக்ஸ்பியரின் தகப்பனார் ஜான் ஷேக்ஸ்பியர் 1556-ல் ஸ்ட்ராட்ஃபோர்டில் ஏல் ருசி பார்ப்பவராக நியமிக்கப்பட்டார். ஊரில் காய்ச்சுகிற ஏல் தரமானதா, விலை நியாயமானதா என்று சோதிக்கும் உத்தியோகம். பி.ஏ. ஆங்கில வகுப்பில் இது ஓர் அடிக்குறிப்பு. குடிக்கிற பண்டத்தை ஒரு கைத்தொழிலாக எண்ணி அதற்கு அளவுகோலும் ஆளும் வைத்திருந்த சமூகம் அது. நம் கள்ளைப் பற்றியோ பிற்காலத்தில் இரண்டே வகை எழுத்துதான்: ஒன்று அறம், மற்றது வரி.

சங்கக் கவிஞன் இந்த இரண்டிலும் சேராதவன். பெரும்பாணாற்றுப்படையில் செய்முறையே இருக்கிறது. அரிசிக் களியை வாயகன்ற பாத்திரத்தில் ஆற்றி, நெல்முளை அடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழியவிட்டு, சாடியில் முற்றியதை விரலால் அலைத்துப் பிழிவது. முளைகட்டிய தானியத்தால் மாவைச் சர்க்கரையாக்குவதுதான் பீரின் சூட்சுமமும். இன்று பெங்களூரின் சிறு பீர் வடிப்பகங்களில் பார்லியை வைத்துச் செய்வதும் இதுவே.

அது தொண்டை நாட்டு அரிசிக் கள். எங்கள் பக்கத்துக் கள் பனையிலிருந்து வருவது. தாமிரவருணி நனைக்கிற வயல்களைத் தாண்டித் தென்கிழக்கே போனால் திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்துத் தேரி மணல். அங்கே நெல் வராது, பனை வரும். பனையேறி பாளையை நசுக்கிப் பக்குவப்படுத்தி, நுனியை நாள்தோறும் சீவிக் கலயம் கட்டுகிறார். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் இறங்குவது பதனீர், தடவாவிட்டால் கள். சுண்ணாம்பின் காரம் நொதிக்கும் நுண்ணுயிர்களை அடக்கி வைக்கிறது. அது இல்லையென்றால் காற்றிலும் பாளையிலும் பழைய கலயத்திலும் இருக்கிற ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் சாறு சொட்டும்போதே வேலையைத் தொடங்கிவிடுகின்றன. ஒரு நாளுக்குள் நூற்றுக்கு நான்கைந்து பங்கு ஆல்கஹால். அதற்கப்புறம் புளிப்பு, பிறகு காடி. பெல்ஜியத்தில் லாம்பிக் என்கிற பீரையும் இப்படித்தான் காற்றின் ஈஸ்ட்டுக்கே விட்டுவிடுகிறார்கள். உலகம் அதைக் கலை என்கிறது. பவேரியாவின் 1516-ம் வருடத்துப் பீர்ச் சட்டம் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் மூன்றை மட்டும் அனுமதித்தது. ஈஸ்ட்டின் பெயர் அதில் இல்லை. பாஸ்டர் பீரைப் பற்றிய ஆய்வை நூலாக வெளியிட்டது 1876-ல்தான். அதற்கு வெகுகாலம் முன்பே பனையேறியின் விரலுக்குச் சுண்ணாம்பின் சங்கதி தெரியும்.

கள் நாள்பட நிற்காது, தொலைவு போகாது. ஆகவே ஆலைக்குள் அடைபடவில்லை. அடைக்க முடியாததை எண்ணலாம் அல்லவா? 1886-ம் வருடத்துச் சென்னை ஆப்காரிச் சட்டத்தின் காலத்தில் பனைகளுக்கு எண்ணிட்டு மரவரி வசூலித்தார்கள். சுண்ணாம்பு உள்ள கலயம் பிழைப்பு, இல்லாத கலயம் வருமானம். பின்னால் அதுவே குற்றம். இறக்கியதில் பெரும்பகுதியைக் கருப்பட்டியாகக் காய்ச்சிய ஒரு ஜனத்துக்கு ஆங்கிலக் குறிப்புகள் கள்ளிறக்குவோர் என்று பெயர் சூட்டியது தனிக் கதை.

1937-ல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-ல் மாகாணம் முழுவதும் வந்தது. 1971-ல் தளர்த்தி, கள்ளுக்கடைகளைத் திறந்து, பிறகு மூடி, 1981-ல் மறுபடி திறந்தார்கள். 1983-ல் டாஸ்மாக் பிறந்தது. 1987 ஜனவரி முதல் தேதி கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை. ஆலைப் புட்டிக்குத் தடை இல்லை. வரிசையைப் படித்தாலே போதும், வியாக்கியானம் வேண்டாம். மலைக்கு அப்பால் கேரளத்தில் கள் உரிமம் பெற்ற கடையில் விற்கிறது.

நகைக்கடன் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறவனுக்குக் குடி என்ன செய்யும் என்று யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. வளையல்கள் தராசில் ஏறுவதைப் பார்க்கிறேன். அவற்றை அங்கே கொண்டுவந்தது கலயம் அல்ல, புட்டி.

எனக்கு உறுத்துவது சொற்கள். நறவு, தேறல், பிழி, மட்டு, தோப்பி, அரியல் என்று அத்தனை பெயர்கள். தெளிந்தது வேறு, பிழிந்தது வேறு, வீட்டில் காய்ச்சியது வேறு என்று நாக்கு ஒரு காலத்தில் பிரித்துப் பார்த்திருக்கிறது. நம் பதவுரைகள் பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் நேரே ‘கள்’ என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகின்றன.