சேதமடைந்த பார்வை நரம்பு மீண்டும் வளருமா?

எறிகணைச் சிதறல்களால் பார்வையிழந்தவர்களை நேர்காணச் செல்லும்போது, "புதிய சிகிச்சை வந்துவிட்டதாமே?" என்ற கேள்வியை அடிக்கடி எதிர்கொள்கிறேன். கண்ணின் எந்தப் பகுதி பாதிக்கப்பட்டது என்பதிலேயே இதற்கான பதில் தங்கியுள்ளது.

கண்ணின் முன்புறமுள்ள கருவிழிப் படலம் சேதமடைந்தால், தானமாகக் கிடைத்த படலத்தைப் பொருத்தலாம். 1961இல் உருவான இலங்கை கண்தான சங்கம் வெளிநாடுகளுக்கும் இவற்றை அனுப்புகிறது. பார்வை நரம்பு அப்படியல்ல. விழித்திரையிலிருந்து மூளைக்குச் செல்லும் சுமார் 10 இலட்சம் நுண்ணிய நார்களின் கட்டு அது. மீனிலும் தவளையிலும் அது அறுந்தாலும் மீள வளரும். மனிதரில் வளர்வதில்லை. நார் அறுந்தபின் அதற்குரிய விழித்திரைக் கலங்களும் படிப்படியாக இறந்துவிடுகின்றன.

ஆய்வுகூடங்களில் முன்னேற்றம் உண்டு. 1980களில் மொன்றியலில் அல்பேர்ட் அகுவாயோவின் குழு, எலியின் காலில் எடுத்த நரம்புத் துண்டைப் பொருத்தி, அதனூடாகப் பார்வை நரம்பின் நார்களை வளரச் செய்தது. 2008இல் பொஸ்டன் ஆய்வாளர்கள், வளர்ச்சியைத் தடுக்கும் ஒரு மரபணுவை அகற்றிச் சுண்டெலிகளில் நார்களை வளர்த்தனர். 2020இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள், மூன்று மரபணுக்களைக் கண்ணுக்குள் செலுத்தி அதே பலனைப் பெற்றனர்.

இவை மனிதருக்கான சிகிச்சையாக மாறுவதில் இரண்டு பெரிய தடைகள் உள்ளன. சுண்டெலியில் நார் கடக்கவேண்டிய தூரம் சில மில்லிமீற்றர்கள். மனிதரில் பல சென்ரிமீற்றர்கள். அவ்வளவு தூரம் வளர்ந்தாலும் மூளையில் சரியான இடத்தில் இணையவேண்டும். அடுத்தது காலம். பல பரிசோதனைகளில் காயத்துக்கு முன்னரோ உடனடியாகவோ சிகிச்சை தொடங்கப்பட்டது. 2009இல் காயமடைந்தவரின் நிலை வேறு. 2023இல் நியூயோர்க்கில் முழுக் கண்ணே மாற்றிப் பொருத்தப்பட்டது. இரத்தம் ஓடியது, பார்வை வரவில்லை.

இந்த இடைவெளியில்தான் 'ஸ்டெம் செல்' விளம்பரங்கள் நுழைகின்றன. புளோரிடாவில் ஒரு தனியார் சிகிச்சை நிலையத்துக்கு ஆளுக்கு 5,000 டொலர் செலுத்தி இரு கண்களிலும் ஊசி போட்ட மூன்று பெண்கள், இருந்த பார்வையையும் பெருமளவு இழந்ததை 2017இல் மருத்துவ சஞ்சிகையொன்று பதிவுசெய்தது. முறையான மருத்துவ ஆய்வுகள் பரிசோதனைச் சிகிச்சைக்கு நோயாளியிடம் பொதுவாகப் பணம் வாங்குவதில்லை.

எனவே, காணியை ஈடுவைக்க முன் கிளினிக் கொப்பியுடன் அரச வைத்தியசாலையின் கண் வைத்திய நிபுணரிடம் செல்லுங்கள். "பாதிக்கப்பட்டது நரம்பா, வேறு பகுதியா? வெளிச்சம் உணரப்படுகிறதா?" என்று கேளுங்கள். காயத்தால் வந்த கண்புரையும் கருவிழித் தழும்பும்கூடப் பார்வையை மறைக்கும். அவற்றுக்குச் சிகிச்சை இன்றே இங்கேயே இருக்கிறது.