கடனும் குற்றமும்: மலையகத் திருச்சபையில் மன்னிப்பின் கதை

ஆலயத்தில் நாம் எல்லோரும் சேர்ந்து சொல்லிப் பழகிய பரமண்டல ஜெபத்தில், மன்னிப்புக் கேட்கும் இடத்தில் வருவது ‘குற்றம்’ என்ற சொல். அதே ஜெபத்தை மத்தேயு சுவிசேஷத்தின் 6 ஆம் அதிகாரத்தில் வாசித்தால் அங்கே இருப்பது ‘கடன்’. வேதபாட வகுப்பில் இதைக் கவனித்துக் கேள்வி கேட்ட மாணவியர் ஒவ்வொரு தலைமுறையிலும் இருந்திருக்கிறார்கள். “இரண்டும் ஒன்றுதான் பிள்ளை” என்ற பதிலோடு பாடம் நகர்ந்துவிடும். வேறு ஊர்களில் இரண்டும் ஒன்றாக இருக்கலாம். ஹட்டனிலும் டிக்கோயாவிலும் நுவரெலியாவிலும் அவை ஒன்றாக இருந்ததில்லை. எம் பாட்டன் பாட்டிமாருக்குக் கடன் என்பது உவமை அல்ல. தாளில் எழுதி, ரூபாய் சதம் போட்டு, துரையின் கையொப்பத்தோடு கைமாறிய பொருள்.

இம்மலரில் அதிபர்களைப் பற்றியும் கட்டடங்களைப் பற்றியும் விளையாட்டுப் போட்டிகளைப் பற்றியும் மற்றவர்கள் எழுதுகிறார்கள். எமக்குத் தரப்பட்டது திருச்சபையின் சரித்திரம். ஆலயங்கள் கட்டப்பட்ட ஆண்டுகளை வரிசையாகச் சொல்லி முடித்துவிடலாம். நுவரெலியா பரிசுத்த திரித்துவ ஆலயம் 1852, டிக்கோயா வார்லி கிறிஸ்து ஆலயம் 1878 என்று பட்டியல் நீளும். பொகவந்தலாவைப் புனித மரியாள் ஆலய முற்றத்தில், உலகப் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரன் 1879 இல் அடக்கம் செய்யப்பட்டார் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அந்த ஆலயங்களுக்கு வெளியே, லயங்களில் இருந்த எம் முன்னோர் மன்னிப்பைப் பற்றி என்ன கேட்டார்கள், அவர்களுக்கு யார் எதை மன்னித்தார்கள் என்பதே எமக்கு முக்கியமாகப் பட்டது.

எம் மக்களிடையே சுவிசேஷப் பணி ஒழுங்காகத் தொடங்கியது 1854 இல். கோப்பித் தோட்டத் துரைமார் சிலர் முன்னின்று, சி.எம்.எஸ். சங்கத்தாருடன் சேர்ந்து கண்டியை மையமாக வைத்து ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்ற பெயரில் அதை ஆரம்பித்தார்கள். பெயரிலேயே ‘கூலி’ இருந்தது. திருநெல்வேலிச் சபைகளில் இருந்து உபதேசிமார் வந்தார்கள். மழையிலும் குளிரிலும் அட்டைக்கடியிலும் தோட்டம் தோட்டமாக நடந்து, பிரட்டுக் களத்தில் நின்று பிரசங்கித்தவர்கள் அவர்கள். எம் சமூகத்தில் பலர் முதன்முதல் எழுத்தைக் கண்டது அவர்கள் கையில்தான். அந்த நன்றியை நாம் மறப்பதற்கில்லை. ஆனால் உபதேசியாரின் சம்பளத்துக்குப் பணம் கொடுத்தவர்களில் துரைமாரும் இருந்தார்கள். தோட்டத்துக்குள் காலடி வைக்கவும் துரையின் அனுமதி வேண்டும். அப்படி வந்த ஒருவர் கடனைப் பற்றி எவ்வளவு பேசியிருக்க முடியும்?

கடன் எப்படி வந்தது என்பதை எம் இளைய சகோதரிகள் அறிந்திருக்க மாட்டார்கள். பெரிய கங்காணி ஊருக்குப் போய் ஆள் கட்டி வருவதற்குத் தோட்டத்தில் முன்பணம் வாங்குவார், செட்டிமாரிடமும் வாங்குவார். வழிச்செலவு, சோறு, கம்பளி, ஊரில் தீர்க்க வேண்டிய பழைய பாக்கி எல்லாம் வந்தவரின் பெயரில் ஏறும். எவ்வளவு ஏறியது என்று அவருக்கே தெரியாது. கணக்கு கங்காணியின் கையில். கங்காணி தன் ஆட்களோடு வேறு தோட்டத்துக்குப் போக நினைத்தால், துரை ஒரு சிறு தாள் எழுதிக் கொடுப்பார். இத்தனை ரூபாய் கிடைத்ததும் இத்தனை ஆட்களை விடுவிப்பேன் என்பது அதன் பொருள். அதற்குப் பெயர் ‘துண்டு’. புதிய தோட்டத்துத் துரை அந்தத் தொகையைச் செலுத்தி ஆட்களை எடுத்துக்கொள்வார். செலுத்திய தொகை மறுபடி கங்காணியின் கணக்கில் விழும். அங்கிருந்து ஆட்களின் தலையில் இறங்கும். துண்டைத் தோட்டம் தோட்டமாகக் காட்டிக் கூடுதல் முன்பணம் பேரம் பேசிய கங்காணிமாரும் உண்டு. தகப்பனின் பாக்கி மகன் பெயரில் ஏறிய குடும்பங்களும் உண்டு.

பொறுக்க முடியாமல் ஓடினால் சட்டம் துரத்தும். 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி முன்னறிவித்தல் இன்றி வேலையை விட்டுப் போவது குற்றம்; மூன்று மாதம் வரை சிறை. ஓடி வந்தவரை இன்னொரு தோட்டத்தார் தெரிந்தே வேலைக்கு வைத்துக்கொள்வதும் குற்றம். கடன் குற்றமாக மாறியது இப்படித்தான். ஆலய ஜெபத்தில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்று வந்ததைப் போல, மலைநாட்டுச் சட்டத்திலும் ஒன்று மற்றொன்றாகிவிட்டது.

இந்த இடத்தில் எமக்கு எப்போதும் நினைவுக்கு வருவது பிலேமோனுக்குப் பவுல் எழுதிய நிருபம். வேதாகமத்தில் ஒரே ஒரு அதிகாரம் கொண்ட சின்ன நிருபம். பரீட்சைக்கு வராது என்று நாம் தாண்டிப்போனது. எஜமானை விட்டு ஓடிய ஒநேசிமு என்ற அடிமையைப் பவுல் திருப்பி அனுப்புகிறார். அவன் உமக்கு ஏதாவது கடன்பட்டிருந்தால் அதை என் கணக்கில் வைத்துக்கொள்ளும், நானே தருவேன் என்று தன் கைப்பட எழுதுகிறார். யோசித்துப் பார்த்தால் அதுவும் ஒரு துண்டுதான். வேறுபாடு, தொகை ஓடியவன் தலையில் ஏறவில்லை. எழுதியவர் தலையில் ஏறுகிறது. இதே பவுல் 1870 இல் டிக்கோயாவில் ஒரு தோட்டத்தை நடத்தி, ஓடி வந்த ஒநேசிமுவை வேலைக்கு வைத்திருந்தால் நீதவான் முன் நின்றிருப்பார்.

கடைசியில் கடனுக்கு வழி பிறந்தது பிரசங்க பீடத்தில் இருந்து அல்ல. சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1919 இல் தொழிலாளர் நலனுக்காக ஒரு சங்கத்தை அமைத்து, கூலி வேலையை விட்டதற்காக ஒருவரைச் சிறையில் அடைக்கும் சட்டத்தை நீக்கும்படி போராடினார். அவர் சைவர். இந்திய அரசாங்கத்தின் நெருக்குதலும் சேர்ந்தது. 1921 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கச் சட்டம் துண்டை ஒழித்தது. மறு ஆண்டு சிறைத்தண்டனை போயிற்று. நாம் ஞாயிறுதோறும் வேண்டிக்கொண்டதைச் சட்டசபையில் செய்து முடித்தவர்கள் வேறு ஆட்கள் என்பதைச் சொல்ல எமக்கு வெட்கமில்லை. சொல்லாமல் விட்டால்தான் வெட்கம்.

சபைக்குள்ளே மன்னிப்பு இல்லாமல் இருக்கவில்லை. இராப்போசனத்துக்கு முன் சண்டைக்காரர் இருவரையும் அழைத்துக் கைகொடுக்க வைக்கும் வழக்கத்தை எம்மில் பலர் கண்டிருக்கிறோம். பீலிக்கரையில் தொடங்கிய வாய்ச்சண்டை, கொழுந்து நிறுக்கும்போது வந்த மனத்தாங்கல், சம்பந்தம் பேசி முறிந்த பகை எல்லாம் அப்படி முடிந்திருக்கின்றன. சமமானவர்களுக்கு இடையில் அது நல்ல மருந்து. சமமில்லாதவர்களுக்கு இடையில்தான் அது கோணலாகியது. குடித்துவிட்டு வந்து அடிக்கும் புருஷனைப் பற்றி முறையிட்டவளுக்கு, “பொறுத்துப் போ மகளே, ஆண்டவர் எத்தனையோ பொறுத்தார்” என்று சொல்லி அனுப்பியது உண்டு. அவள் மன்னிக்க வேண்டியதைப் பற்றி ஆயிரம் வார்த்தை பேசியவர்கள், அவன் திருப்பிக் கொடுக்க வேண்டியதைப் பற்றிப் பேசவில்லை. அவளுடைய சம்பளத்தையும் அவனே வாங்கிக்கொண்டு போவது பல தோட்டங்களில் வழமையாக இருந்தது. பெண்ணின் நாட்கூலி ஆணின் கூலிக்குக் குறைவாகவே இருந்து, 1984 இல்தான் சமமாயிற்று. சகேயு மரத்தில் இருந்து இறங்கிய பின் செய்தது அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்பித் தருவதாக வாக்களித்ததுதான். ஞாயிறு பாடசாலையில் அவன் ஏறிய மரத்தைப் பற்றி நாம் பாடிய அளவுக்கு அந்த நாலத்தனையைப் பற்றிப் பேசவில்லை.

துண்டு ஒழிந்து 27 ஆண்டில் அதைவிடப் பெரிய தாள் வந்தது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தாலும் அதைத் தொடர்ந்த சட்டங்களாலும் எம் மக்கள் நாடற்றவர்களாகி, வாக்கையும் இழந்தார்கள். 1964 ஒக்டோபர் 30 இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மீதி 1,50,000 பேரை 1974 இல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். மேசை நாற்காலியைப் பங்கு போடுவதுபோல. தலைமன்னாருக்குப் போன ரயிலை ‘அழுகைக் கோச்சி’ என்று எம் மக்கள் சொன்னதற்கு விளக்கம் தேவையில்லை. இம்மலரை இன்று கூடலூரிலும் கோத்தகிரியிலும் திருச்சியிலும் இருந்து வாசிக்கும் சகோதரிகளில் பலர் அந்தக் கோச்சியில் ஏறிய பிள்ளைகள்.

அந்த ஆண்டுகளில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கேள்வி இருந்தது: யார் விண்ணப்பம் எழுதியது, எந்த நாட்டுக்கு எழுதியது? அண்ணன் இந்தியாவுக்கும் தம்பி இலங்கைக்கும் போட்டுப் பிரிந்த குடும்பங்களில், யார் யாரை விட்டுப்போனது என்ற வழக்கு இன்றும் முடியவில்லை. உண்மையில் வழக்குத் தொடர வேண்டியது ஒருவர் மேல் ஒருவர் அல்ல. ஆனால் பங்கிட்டவர்கள் தொலைவில் இருந்தார்கள். தம்பி பக்கத்தில் இருந்தான்.

திருச்சபை அப்போது முழுக்க மௌனமாக இருந்தது என்று சொல்வதும் நியாயமல்ல. இயேசு சபைக் குருவான அருட்தந்தை போல் கஸ்பர்ஸ் 1972 இல் கண்டியில் ‘சத்யோதய’ நிலையத்தைத் தொடங்கித் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைத் தோட்ட மக்களின் உரிமைக்காகச் செலவிட்டார். ஆனால் எமது விடயத்துக்கு மிக நெருங்கி வருபவர் இன்னொருவர்.

1977 இலும் 1981 இலும் எம் மக்கள் அடிபட்டார்கள். 1983 யூலையில் நுவரெலியா நகரில் தமிழர் கடைகள் எரிந்தன. கண்டியிலும் பதுளையிலும் எரிந்தன. உடுத்திய உடையோடு அகதி முகாமுக்குப் போனவர்கள் எம் சங்கத்தில் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் பிறகு இந்நாட்டுக்குத் திரும்பவே இல்லை. அந்த நாட்களில் எல்லாப் பக்கத்தில் இருந்தும் கேட்டது “நடந்ததை மறப்போம்” என்பது. கண்டியும் அடங்கிய குருநாகல் மறைமாவட்டத்தின் பேராயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க அப்படிச் சொல்லவில்லை. 1962 இல் இருந்து பேராயராக இருந்த அவர் சிங்களவர். மனித உரிமைக்காக முன்பே பேசி வந்தவர். 1983 செப்டெம்பரில் தன் மறைமாவட்டத்துக்கு ஆற்றிய உரையில், தன் இனத்தவர் செய்ததற்கு எந்த நியாயமும் இல்லை, அது ஒழுக்கக் குற்றம், அதற்காக வெட்கப்பட வேண்டும், பாதிக்கப்பட்ட தமிழரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். வெட்கப்படுவதற்கான காரணமும் சரியாக இருக்க வேண்டும் என்றார். நாட்டின் பெயர் கெட்டது என்பதற்காக அல்ல, செய்தது தவறு என்பதற்காக.

அவர் எந்தக் கடையையும் எரித்தவர் அல்ல. ஆயினும் கணக்கைத் தன் பெயரில் எழுதிக்கொண்டார். அடுத்த மாதமே, 1983 ஒக்டோபரில், இறந்துபோனார்.

அவருடைய உரையில் எமக்குப் பெரிதாகப் படுவது, அவர் தன் இனத்தவரைப் பார்த்துப் பேசினார் என்பது. மன்னிப்பதா இல்லையா என்பது அடிபட்டவர்களைப் பொறுத்தது. முகாமில் இருந்து திரும்பியபின் ஆலயத்தில் அதே வாங்கில் உட்கார முடிந்த எம் சகோதரிகள் உண்டு. இன்றுவரை முடியாதவர்களும் உண்டு. இரண்டு சாராரையும் இச்சங்கம் ஒரே அங்கத்துவப் பட்டியலில்தான் வைத்திருக்கிறது.

பிரஜாவுரிமைக் கணக்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தோடு ஒருவாறு முடிந்தது. கடன் கணக்கு முடியவில்லை. கங்காணியும் துண்டும் போன இடத்துக்கு இப்போது நுண்கடன் வந்திருக்கிறது. ஐந்தாறு பெண்கள் ஒரு குழுவாகக் கையொப்பமிட வேண்டும். ஒருத்தி கட்டத் தவறினால் மற்றவர்கள் கட்ட வேண்டும். சம்பள நாளில் அவள் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்திருப்பவர்கள் அந்நியர் அல்ல. ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டு இராப்போசனம் எடுத்தவர்கள். எம் பாடசாலையில் படித்தவர்களும் அந்தக் குழுக்களில் இருக்கிறார்கள், வாசலுக்கு உள்ளேயும் வெளியேயும்.