சாக்கெட்டின் ஆயுள்

1999-ல் என் கணினியை ஒரு துணிப்பையில் வைத்துக்கொண்டு சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். இரண்டு வருடப் பழைய பென்டியம் எம்எம்எக்ஸ், 166 மெகாஹெர்ட்ஸ். அதில் பென்டியம் டூ போட வேண்டும் என்பது ஆசை. மாடிப்படிக்குக் கீழே கடை வைத்திருந்தவர் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"பென்டியம் டூவா சார்? அப்ப போர்டு மாத்தணும். போர்டு மாத்துனா கேபினெட், பவர் சப்ளை, ராம் எல்லாமே மாறும். மானிட்டரும் ஹார்ட் டிஸ்க்கும்தான் மிஞ்சும்."

ஒரு சில்லை மாற்ற ஏன் ஒரு வீட்டையே இடிக்க வேண்டும்? அன்று எனக்கு அது விளங்கவில்லை. அதன் விடை, அந்தத் தெருவுக்கு வெகு தூரத்தில் எழுதப்பட்ட ஒப்பந்தங்களில் இருந்தது.

1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் பெர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டபோது அதற்குள் இருந்தது இன்டெலின் 8088, வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். ஒரே ஒரு நிறுவனத்தை நம்பிச் சில்லு வாங்க ஐபிஎம் தயாராக இல்லை, இன்னொருவரும் அதைத் தயாரிக்க வேண்டும் என்றது. அப்படித்தான் 1982-ல் இன்டெலும் ஏஎம்டியும் ஒப்பந்தம் போட்டன. ஒருவர் செய்த சில்லின் இடத்தில் மற்றவர் செய்ததையும் வைக்கலாம் என்ற வழக்கம் இப்படி வந்தது. அது உற்பத்தியாளரின் பெருந்தன்மையால் வந்ததல்ல, வாங்குகிறவர் போட்ட நிபந்தனையால் வந்தது.

இந்த வழக்கத்தின் பொற்காலம் தொண்ணூறுகள். 486 காலத்தில் இன்டெலே 'ஓவர்டிரைவ்' என்ற பெயரில், பழைய போர்டில் பொருத்திக்கொள்ளும் வேகமான பிராசசர்களை விற்றது. ஆரம்பத்தில் சில்லைச் சாக்கெட்டில் இறக்கப் பலம்கொண்டு அழுத்த வேண்டியிருந்தது. போர்டு வளைவதைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். பக்கத்தில் ஒரு சிறு நெம்புகோல் வைத்த சாக்கெட்டுகள் வந்தபிறகு அந்தப் பயம் போனது. பின் வந்தது சாக்கெட் 7. 321 துளைகள் கொண்ட அந்தச் சதுரத்தில் இன்டெலின் பென்டியமும் உட்காரும், ஏஎம்டியின் கே6-ம் உட்காரும், சைரிக்ஸின் 6x86-ம் உட்காரும்.

1997 மே மாதம் பென்டியம் டூ வந்தபோது அந்தச் சதுரம் போய்விட்டது. பழைய வீடியோ கேம் கார்ட்ரிட்ஜ் போல நிற்கும் ஒரு பெட்டி, அதைச் செருக 'ஸ்லாட் 1'. இதற்கு நியாயமான தொழில்நுட்பக் காரணமும் உண்டு. இரண்டாம் நிலை கேஷ் நினைவகத்தைப் பிராசசருக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டியிருந்தது; ஒரே சில்லுக்குள் இரண்டையும் அடக்குவது அன்று செலவு பிடித்த வேலை. ஆனால் இன்னொரு விளைவும் இருந்தது. அந்தப் புதிய பஸ்ஸுக்கான உரிமம் ஏஎம்டியிடம் இல்லை. ஒன்றுக்கொன்று மாற்றி வைக்கும் வழக்கம் அங்கே முடிந்தது. 1999-ல் ஏஎம்டி கொண்டுவந்த அத்லானுக்கான 'ஸ்லாட் ஏ' பார்வைக்கு அச்சு அசல் ஸ்லாட் 1 மாதிரியேதான் இருந்தது, ஆனால் மின்னிணைப்பு வேறு. ஒரே வடிவம், இரண்டு உலகம்.

ரிச்சி தெருக்காரர் அன்று எனக்கு வேறு வழி சொன்னார். "வேணும்னா இதே போர்டுல கே6-2 போட்டுத் தர்றேன் சார்." ஏஎம்டி கைவிடாமல் வைத்திருந்த பழைய சதுரத்துக்கான சில்லு அது. மின்னழுத்தத்துக்கான ஜம்பரை 2.2 வோல்ட்டுக்கு மாற்றினார். பெருக்கல் ஜம்பரை 2-ல் வைத்தார். எனக்குப் பகீரென்றது. "என்னண்ணே, வேகத்தைக் குறைக்கிறீங்க?"

"அது போர்டுக்குத்தான் சார் ரெண்டு. இந்தச் சில்லு அதை ஆறுன்னு எடுத்துக்கும்."

உண்மைதான். பழைய போர்டுகளில் 6 என்ற அமைப்பே கிடையாது என்பதால், இந்தச் சில்லை 2 என்பதை 6 ஆகப் புரிந்துகொள்ளும்படி செய்திருந்தார்கள். 66.6-ஐ ஆறால் பெருக்கினால் 400. என் பயாஸுக்கு அதன் பெயரைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஆனாலும் அந்தக் கணினி இன்னும் மூன்று வருடம் உழைத்தது.

அதன்பின் கதை முன்னும் பின்னுமாகப் போகிறது. 2004-ல் எல்ஜிஏ 775 வந்தது. ஊசிகள் சில்லிலிருந்து போர்டுக்கு இடம் மாறின, கூடவே வளைந்துவிடும் அபாயமும். 2017-ல் இன்டெலின் எட்டாம் தலைமுறை மேசைக்கணினிச் சில்லுகள் முந்தையதைப் போலவே 1151 தொடுபுள்ளிகளோடு வந்தன, ஆனால் அதற்கு முந்தைய போர்டுகளில் அவற்றுக்கு ஆதரவில்லை. 2020-ல் ஏஎம்டியும் தன் ரைசன் 5000 வரிசை 400 வரிசை போர்டுகளில் ஓடாது என்று அறிவித்தது. பயாஸ் சேமிப்பில் இடம் போதாது என்பது காரணம். வாங்கியவர்கள் கொதித்தார்கள். சில நாட்களில் முடிவு மாறியது. 2017-ல் ரைசனோடு பரவலான ஏஎம்4 சாக்கெட்டுக்கு 2022-லும் புதிய பிராசசர் வந்தது.

இந்த நாற்பது வருடத்தைத் திரும்பிப் பார்க்கும்போது ஒன்று புலப்படுகிறது. ஒரு கணினி எப்போது பழையதாகிறது என்பதை அதன் வேகம் மட்டும் தீர்மானிப்பதில்லை. துளைகளின் எண்ணிக்கை, பஸ்ஸின் உரிமம், பயாஸில் ஒரு வரி என்று யாரோ எடுக்கும் முடிவுகளும் தீர்மானிக்கின்றன. 1982-ல் ஒரு பெரிய வாடிக்கையாளர் கேட்டதும் கதவு திறந்தது. 2020-ல் ஆயிரக்கணக்கான சின்ன வாடிக்கையாளர்கள் கேட்டதும் திறந்தது. கேட்காதபோது அது தானாகத் திறந்ததாக எனக்கு நினைவில்லை.

சமீபத்தில் மறுபடியும் மதர்போர்டும் பிராசசரும் மாற்றினேன். கடைக்காரப் பையன் எத்தனை கோர், எத்தனை கிகாஹெர்ட்ஸ் என்று அடுக்கிக்கொண்டே போனான். நான் முதலில் கேட்டது ஒன்றுதான்.

"தம்பி, இந்த சாக்கெட்டுக்கு இன்னும் எத்தனை வருசம் சில்லு வரும்?"