அயல் நினைவகத்தில் கசிவு: பழி யாருக்கு?

நினைவகக் கசிவு என்றதும் நிரலாளர் வீங்கும் நிரலைத்தான் முதலில் பிரித்துப் பார்ப்பார். பெரும்பாலும் அது சரியே. ஒரு நிரல் இன்னொன்றின் நினைவகத்துக்குள் கை நீட்டும் இடத்தில் மட்டும் இந்த வழக்கம் பொய்த்துவிடும். கசியவிடுவது ஒன்று, வீங்குவது மற்றொன்று. ஆகவே இதை உரிமைச் சிக்கலாகவே ஆராய வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துக்காட்டும் மென்பொருள் நல்ல சான்று. விண்டோஸில் வேறொரு நிரலின் பட்டியலில் உள்ள எழுத்துகளைப் படிக்க, விடை வந்து விழும் இடம் அந்த நிரலுக்குள்ளேயே இருக்க வேண்டும். அதனால் வாசிப்பான் விர்ச்சுவல்அலாக்இஎக்ஸ் கொண்டு அங்கே இடம் பிடிக்கிறது, ரீட்ப்ராசஸ்மெமரி கொண்டு படிக்கிறது, விர்ச்சுவல்ஃப்ரீஇஎக்ஸ் கொண்டு விடுவிக்கிறது. வழுக்குவது கடைசிப் படியில். மெம்_ரிலீஸ் என்று கேட்கும்போது அளவைப் பூச்சியம் என்றே தர வேண்டும். எடுத்த அளவையே (எடுத்துக்காட்டாக 4,096 பைட்) எழுதினால் அழைப்பு தோற்கும். திரும்பும் மதிப்பைப் பார்க்காதவருக்கு அது தெரியவே தெரியாது. ஒதுக்கீடு 64 கிலோபைட் எல்லையில் தொடங்குவதால் ஒவ்வொரு முறையும் அவ்வளவு முகவரிப் பரப்பு போகும். 2 ஜிகாபைட் பரப்புள்ள 32 பிட் நிரல், 32,768 முறை தாங்குவதற்குள் மூச்சுத் திணறிவிடும். டாஸ்க் மேனேஜரோ வீங்கிய நிரலைத்தான் காட்டும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்! வாசிப்பானை மூடினாலும் அந்த இடம் மீளாது.

64 பிட்டில் முகவரிக்குப் பஞ்சமில்லையே என்பர் சிலர். முகவரிக்குப் பஞ்சமில்லைதான், ஆனால் ஒதுக்கிய பக்கங்கள் கமிட் (தருவதாகக் கணினி உறுதியளித்த நினைவகம்) கணக்கில் ஏறிக்கொண்டே இருக்குமே!

லினக்ஸ் தரும் சான்று இன்னும் நுட்பமானது. ப்ராக் அடைவில் ஒவ்வொரு நிரலுக்கும் ‘மெம்’ என்ற கோப்பு உண்டு. அதன் வழியே அத்துமீற இடம் தந்த ஓட்டையை (சிவிஇ-2012-0056) 2012 ஜனவரியில் லினஸ் டோர்வால்ட்ஸ் அடைத்தார். அடைத்த விதத்தில் புதுச் சிக்கல் முளைத்தது. அந்தக் கோப்பை யாரேனும் திறந்து வைத்திருந்தால், உரிய நிரல் முடிந்த பிறகும் அதன் நினைவகம் விடுபடவில்லை. சில வாரங்களிலேயே ஓலெக் நெஸ்டெரோவ் இதைத் திருத்தினார். கெர்னலில் இரண்டு எண்ணிகள் உள்ளன: ஒன்று நினைவகப் பக்கங்களைக் காக்கும், மற்றொன்று அவற்றின் விவரக் கட்டமைப்பை மட்டும் காக்கும். கோப்பைத் திறந்தவர் இரண்டாவதைப் பிடித்திருந்தால் போதும். பக்கங்களைப் பிடிப்பது படிக்கும் கணத்தில் மட்டுமே. உரிமையை இவ்வளவு துல்லியமாகப் பிரித்ததுதான் இதன் அழகு.

கசிவைத் தேடும் வால்கிரைண்ட் போன்ற கருவிகள் தம்கீழ் ஓடும் நிரலின் ஒதுக்கீடுகளையே எண்ணுகின்றன. அயலாரிடம் பிடித்த இடம் அக்கணக்கில் வராது. விண்டோஸில் விஎம்மேப் கருவி கொண்டு இலக்கு நிரலைத் திறந்து, ஒரே அளவுள்ள சிறு துண்டுகள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். சி++ இல் எழுதுவோர் அயல் இடத்தையும் அந்த நிரலைத் திறந்த ஹேண்டிலையும் ஒரே பொருளின் அழிப்பானில் கட்டிவைக்கலாம். முதலில் இடத்தை விடுவித்துவிட்டே ஹேண்டிலை மூட வேண்டும். வரிசையை மாற்றினால் விடுவிக்க வழியிராது.

இயங்குதள ஆசிரியர்கள் இதை ஆய்வகப் பயிற்சியாக்கிப் பார்க்கலாம்: வீங்கும் நிரலை ஒரு மாணவரிடமும், வீங்கவைக்கும் நிரலை மற்றொருவரிடமும் கொடுத்து, பிழை எங்கே என்று இருவரையும் தனித்தனியே எழுதச் சொல்லுங்கள்.