ஆன்ம குருவின் துணை

தாம்பரத்தைக் கடந்து தெற்கே செல்லும் இருப்புப்பாதை, குமரிமுனையை நெருங்குகையில் ஆரல்வாய்மொழியைத் தொடுகிறது. 1752-ல் அங்கே உயிர்நீத்த தேவசகாயம் பிள்ளையின் வரலாறு கொண்டு, ஆன்ம குருவின் பயனை விளக்க விரும்புகிறேன்.

திருவிதாங்கூர் அரசுப் பணியிலிருந்த நீலகண்ட பிள்ளை, பொருளிழந்து சோர்ந்திருந்தார் என்பர். 1741-ல் குளச்சற் போரில் தோற்றுச் சிறைப்பட்டு, பின்பு அவ்வரசின் படைக்கே பயிற்சியளித்த டிலனாய், துன்பத்தில் நிலைகுலையாத யோபுவின் கதையை அவருக்கு எடுத்துரைத்தார். தம்மிடமே நிறுத்திக்கொள்ளாது, வடக்கன்குளத்து இயேசு சபைக் குரு புத்தாரியிடம் அனுப்பினார். அங்கே 1745-ல் நீலகண்டர் தேவசகாயமானார்.

1749-ல் தொடங்கிய சிறைத்துன்பத்தை அவரே தாங்கவேண்டியிருந்தது, நெஞ்சம் தளரவில்லை. 2022-ல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. குரு சுமையைத் தாம் வாங்கிக்கொள்பவர் அல்லர். சுமக்கும் வலிமையை நம்முள் வளர்ப்பவர் என்பதே என் துணிபு.