பிரிட்டன் மன்னரின் கிறிஸ்துமஸ் உரை: பழைய மரபா, பிபிசி உருவாக்கியதா? நடுநிலை சண்டை ஏன் ஓயவில்லை?

கிறிஸ்துமஸ் அன்று பிரிட்டனில் பிற்பகல் 3 மணி ஆனால் போதும், டிவியில் மன்னர் வந்துவிடுவார். நமக்கு அப்போது இரவு 8.30. பண்டிகைச் சாப்பாடு முடிந்த கையோடு குடும்பமாக உட்கார்ந்து பார்க்கிற உரை அது.

"இது எங்கள் நாட்டின் மரபு, இதில் என்ன அரசியல்?" என்று ஒரு தரப்பு கேட்கும். "மரபும் இல்லை, மண்ணும் இல்லை. அரண்மனைக்கு பிபிசி போடுகிற கும்பிடு" என்று இன்னொரு தரப்பு சொல்லும். ரெண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கு, கொஞ்சம் கதையும் இருக்கு. எது எது என்று பிரித்துப் பார்க்கலாம்.

சுருக்கமா சொன்னா...

• மன்னரின் கிறிஸ்துமஸ் உரைக்கு இன்னும் 100 வயதுகூட ஆகவில்லை. அதைத் தொடங்கி வைத்ததே பிபிசிதான்.
• கிறிஸ்துமஸ் வழக்கங்களில் பல 19-ம் நூற்றாண்டில் பரவியவை. ஆனால் அவற்றை 'அம்பலப்படுத்தும்' கதைகளிலும் பொய் உண்டு.
• பிபிசி ஒருபக்கம் சாய்கிறது என்று வலதுசாரிகளும் சொல்கிறார்கள், இடதுசாரிகளும் சொல்கிறார்கள். அதனாலேயே அது நடுநிலை என்று ஆகிவிடாது.
• பிபிசியின் இப்போதைய அரச சாசனம் 2027 டிசம்பர் 31-ல் முடிகிறது. அதனால் இது வெறும் டீக்கடை விவாதம் இல்லை.

இந்த உரை எப்போ ஆரம்பிச்சது?

1932 டிசம்பர் 25. சாண்ட்ரிங்ஹாம் மாளிகையில் இருந்து ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் வானொலியில் நேரலையாகப் பேசினார். யோசனை அரண்மனையுடையது இல்லை. பிபிசியின் தலைமை இயக்குநர் ஜான் ரீத் விடாமல் கேட்டு, மன்னரைச் சம்மதிக்க வைத்தார்.

அந்த மாதம்தான் பிபிசி தன் 'எம்பயர் சர்வீஸ்' என்ற சிற்றலை ஒலிபரப்பைத் தொடங்கியிருந்தது. உலகம் முழுக்க இருந்த காலனி நாடுகளுக்கான சேவை அது. புதுக்கடை திறந்த கையோடு மன்னரையே அழைத்து வந்து பேச வைத்த மாதிரி!

பிற்பகல் 3 மணி என்ற நேரத்துக்கும் மதக் காரணம் எதுவும் கிடையாது. பேரரசின் அதிகப்படியான பகுதிகளைச் சிற்றலை எட்டுவதற்குத் தோதான நேரம், அவ்வளவுதான். ஆஸ்திரேலியா, கனடா, கென்யா, தென்னாப்பிரிக்காவோடு இந்தியாவிலும் அந்தக் குரல் கேட்டது. இங்கே காந்தி எரவாடா சிறையில் இருந்த வருடம் அது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். உரையை எழுதிக் கொடுத்தவர் ருட்யார்ட் கிப்ளிங். பிரிட்டிஷ் பேரரசின் பெருமையை எழுதியே புகழ் பெற்றவர்.

சரி, அதன் பிறகாவது வருஷம் தவறாமல் நடந்ததா? அதுவும் இல்லை. எட்டாம் எட்வர்ட் முடி துறந்த 1936-ல் உரை கிடையாது. 1938-லும் கிடையாது. 1939-ல் போர் தொடங்கிய பிறகுதான் அது அசைக்க முடியாத வழக்கமாக மாறியது. டிவிக்கு வந்தது 1957-ல். 1969-ல் ராணி எலிசபெத் எழுத்து வடிவில் மட்டுமே வாழ்த்துச் சொன்னார்.

மற்ற கிறிஸ்துமஸ் வழக்கங்கள் எவ்ளோ பழசு?

கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி தேவாலயத்தின் கிறிஸ்துமஸ் பாடல் ஆராதனையை எடுத்துக்கொள்வோம். கேட்டால் இடைக்காலத்தில் இருந்து வருவது போலத் தோன்றும். அங்கே அது தொடங்கியது 1918-ல், முதல் உலகப்போர் முடிந்த சில வாரங்களில். 1928-ல் பிபிசி ஒலிபரப்பத் தொடங்கியதும் உலகப் புகழ் பெற்றது.

கிறிஸ்துமஸ் மரம் ஜெர்மனியில் இருந்து வந்தது. விக்டோரியா ராணியின் குடும்பம் மரத்தைச் சுற்றி நிற்கும் படத்தை 1848-ல் ஒரு லண்டன் பத்திரிகை வெளியிட்டது. அதன் பிறகே பிரிட்டனில் சாதாரண வீடுகளிலும் மரம் பரவியது. வாழ்த்து அட்டை வியாபாரத்துக்கு வந்தது 1843-ல்.

இன்னொரு ஆச்சரியம்: கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தையே இங்கிலாந்து ஒரு காலத்தில் தடை செய்திருக்கிறது. 1647-ல் தடை போட்டவர்கள் கடவுள் மறுப்பாளர்கள் இல்லை, பியூரிட்டன் கிறிஸ்தவர்களின் கை ஓங்கியிருந்த நாடாளுமன்றம்! 'பைபிளில் இப்படி ஒரு பண்டிகையே இல்லையே' என்பது அவர்களின் வாதம். கேன்டர்பரியில் மக்கள் கலவரத்தில் இறங்கினார்கள். 1660-ல் மன்னராட்சி திரும்பியதும் தடை போனது. ஸ்காட்லாந்தில் கிறிஸ்துமஸ் பொது விடுமுறை ஆனது 1958-ல்தான்.

இதனால் பண்டிகை போலி என்று ஆகிவிடுமா? ஆகாது. பாட்டி காலத்தில் தொடங்கிய வழக்கமும் பேரப்பிள்ளைக்கு மரபுதான். 'பழசு' என்பதையே காரணம் காட்டி, கேள்வி கேட்காதே என்று சொல்லும்போதுதான் தேதியைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சந்தேகப்படுறவங்க சொல்றதெல்லாம் உண்மையா?

இல்லை. இங்கே கொஞ்சம் நிதானம் தேவை.

'சாண்டாவுக்கு சிவப்புச் சட்டை போட்டதே கோகோ கோலாதான்' என்று டிசம்பர் வந்தால் வாட்ஸ்அப்பில் சுற்றும். அந்த நிறுவனத்துக்காக ஹேடன் சண்ட்ப்ளோம் வரைந்த புகழ்பெற்ற சாண்டா விளம்பரங்கள் 1931-ல் தொடங்கின. அதற்கு முன்பே சிவப்பு உடை சாண்டா படங்கள் வந்துவிட்டன. விளம்பரம் அந்த உருவத்தைப் பிரபலப்படுத்தியது, கண்டுபிடிக்கவில்லை.

எதிர்ப்பக்கத்துக் கதை 'விண்டர்வல்'. பர்மிங்ஹாம் மாநகராட்சி 1997, 1998-ல் குளிர்கால நிகழ்ச்சிகள் எல்லாவற்றையும் சேர்த்து விளம்பரப்படுத்த வைத்த பொதுப்பெயர் அது. கிறிஸ்துமஸ் மரம், கிறிஸ்துமஸ் பாடல்கள் எல்லாம் அந்தப் பட்டியலிலேயே இருந்தன. ஆனால் 'சிறுபான்மையினர் மனம் புண்படும் என்று கிறிஸ்துமஸ் பெயரையே மாற்றிவிட்டார்கள்' என்று பத்திரிகைகள் ஆண்டுக்கணக்கில் எழுதின. 2011-ல் டெய்லி மெயில் திருத்தம் வெளியிட்டது. அதற்குள் கதை ஊர் ஊராகப் போய்விட்டது.

மரபு என்று சொன்னதும் அப்படியே நம்புவது ஒரு தப்பு என்றால், 'அம்பலம்' என்று சொன்னதும் அப்படியே நம்புவது அதே தப்பின் மறுபக்கம்.

பிபிசி மேல் அரசியல் புகார் என்ன?

புகாருக்கும் பிபிசிக்கும் ஏறக்குறைய ஒரே வயது. 1926 பொது வேலைநிறுத்தத்தின்போது, இரு தரப்பும் இறங்கி வரச் சொல்லும் வேண்டுகோளை வானொலியில் படிக்க கேன்டர்பரி பேராயர் விரும்பினார். ரீத் உடனே அனுமதிக்கவில்லை. தொழிற்கட்சித் தலைவர் ராம்சே மெக்டொனால்டுக்கும் வேலைநிறுத்தம் முடியும்வரை இடம் கிடைக்கவில்லை. அரசின் பக்கம் நின்றது என்ற இடதுசாரிகளின் மனக்குறை அங்கே தொடங்குகிறது.

வலதுசாரிகளுக்கும் அவர்கள் பட்டியல் இருக்கு. 1982 ஃபாக்லாந்து போரில் 'நம் படைகள்' என்று சொல்லாமல் 'பிரிட்டிஷ் படைகள்' என்று சொன்னதற்காக கன்சர்வேட்டிவ் எம்.பி.க்கள் கொதித்தார்கள். லண்டன் மேல்தட்டு முற்போக்காளர்களின் கூடாரம் பிபிசி என்பது இவர்களின் நிரந்தரப் புகார்.

2023-ல் ரெண்டும் ஒரே நேரத்தில் வெடித்தது. அகதிகள் கொள்கையில் அரசு பேசும் மொழியை ட்விட்டரில் விமர்சித்த கால்பந்துத் தொகுப்பாளர் கேரி லினேக்கர் நிகழ்ச்சியில் இருந்து விலக்கப்பட்டார். சக வர்ணனையாளர்கள் வெளிநடப்பு செய்ய, சில நாட்களில் திரும்பி வந்தார். அடுத்த மாதமே பிபிசி தலைவர் ரிச்சர்ட் ஷார்ப் பதவி விலகினார். போரிஸ் ஜான்சனின் கடன் ஏற்பாட்டில் தனக்கிருந்த பங்கை, நியமனத்தின்போது சரியாக வெளிப்படுத்தவில்லை என்று விசாரணை அறிக்கை சொன்னதே காரணம்.

'ரெண்டு பக்கமும் திட்டுறாங்க, அப்போ நடுநிலைதானே?'

பிபிசியைக் காக்கிறவர்கள் அடிக்கடி சொல்லும் வாதம் இது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் ஆதாரம் ஆகாது. நடுவர் மேல் ரெண்டு அணியும் கத்தினால், அவர் சரியாகக் கொடுத்தார் என்றும் இருக்கலாம், ரெண்டு பேருக்கும் தப்பாகக் கொடுத்தார் என்றும் இருக்கலாம். ரீப்ளே பார்த்தால்தான் தெரியும்.

இராக் போர் அப்படி ஒரு ரீப்ளே. ஆயுதங்கள் பற்றிய அரசு ஆவணம் ஊதிப் பெரிதாக்கப்பட்டது என்ற செய்தியால் டோனி பிளேர் அரசு பிபிசி மீது பாய்ந்தது. 2004 ஜனவரியில் ஹட்டன் அறிக்கை பிபிசியைக் கண்டித்தது. தலைவர் கவின் டேவிஸ், தலைமை இயக்குநர் கிரெக் டைக் இருவரும் பதவி இழந்தார்கள். அந்தச் சூழலில் பிபிசியை 'போர் எதிர்ப்பு சேனல்' என்று நினைப்பது சுலபம். ஆனால் போர்ச் செய்திகளை எண்ணிப் பார்த்த கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வில் வேறு படம் கிடைத்தது. மற்ற முக்கிய பிரிட்டிஷ் சேனல்களோடு ஒப்பிட்டால், அரசு, ராணுவத் தரப்புகளை அதிகம் மேற்கோள் காட்டியது பிபிசிதான்.

சத்தம் ஒருபக்கம், எண்ணிக்கை இன்னொரு பக்கம்!

பனோரமா: ஒரே நிகழ்ச்சி, ரெண்டு அடி

1995-ல் பிபிசியின் பனோரமா நிகழ்ச்சி இளவரசி டயானாவின் பேட்டியை ஒளிபரப்பியது. கிறிஸ்துமஸ் உரையைத் தயாரிக்கும் உரிமை அதுவரை பிபிசியிடமே இருந்தது. 1997 முதல் ஐடிஎன் நிறுவனமும் முறை வைத்துத் தயாரிக்க ஆரம்பித்தது, 2011-ல் ஸ்கை நியூஸும் சேர்ந்தது. பேட்டிக்கான தண்டனை இது என்று அரண்மனை சொல்லவில்லை. பார்த்தவர்கள் பலர் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். 2021-ல் லார்ட் டைசன் அறிக்கை, செய்தியாளர் மார்ட்டின் பஷீர் போலி வங்கி ஆவணங்களைக் காட்டி டயானாவின் அண்ணன்... இல்லை, தம்பி ஸ்பென்சரை ஏமாற்றினார் என்று உறுதிப்படுத்தியது.

அடுத்த அடி 2025-ல். முந்தைய ஆண்டு வந்த பனோரமா நிகழ்ச்சி ஒன்றில், டிரம்ப் 2021 ஜனவரி 6 அன்று பேசிய உரையின் இரண்டு பகுதிகள் ஒட்டப்பட்டிருந்தன. இரண்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் இடைவெளி. ஒட்டியதும், வன்முறைக்கு நேரடியாக அழைத்தது போல ஆகிவிட்டது. முன்னாள் வெளி ஆலோசகர் ஒருவரின் குறிப்பு கசிந்ததும் விவகாரம் பெரிதானது. நவம்பரில் தலைமை இயக்குநர் டிம் டேவியும் செய்திப் பிரிவுத் தலைவர் டெபோரா டர்னஸும் பதவி விலகினார்கள். பிபிசி தலைவர் சமீர் ஷா மன்னிப்புக் கேட்டார். டிரம்ப் வழக்குப் போட்டார்.

அந்த எடிட் தப்பு. அதில் ரெண்டு கருத்து தேவையில்லை. ஆனால் ஒரு தப்பு நடந்ததற்கும், நிறுவனமே ஒருபக்கம் சாய்ந்தது என்பதற்கும் தூரம் அதிகம். முதலாவதுக்கு ஒரு வீடியோ போதும். இரண்டாவதுக்கு நூற்றுக்கணக்கான செய்திகளை எண்ண வேண்டும்.

கட்சி இல்லாத இடத்திலும் சாய்வு இருக்குமா?

இருக்கும். கண்ணில் படாத சாய்வு அங்கேதான் இருக்கு.

2021 ஏப்ரலில் இளவரசர் பிலிப் இறந்தபோது, பிபிசி வழக்கமான நிகழ்ச்சிகளை நிறுத்திவிட்டு அஞ்சலி ஒளிபரப்பியது. 'இவ்வளவு தேவையா?' என்று 1 லட்சத்துக்கும் அதிகமான புகார்கள் குவிந்தன. பிரிட்டன் தொலைக்காட்சி வரலாற்றில் ஒரு ஒளிபரப்புக்கு வந்த மிக அதிகமான புகார்களில் இதுவும் ஒன்று. புகார் கொடுப்பதை இவ்வளவு சுலபமாக்கியது ஏன் என்றும் சிலர் புகார் கொடுத்தார்கள்!

தேர்தல் செய்தி என்றால் பிபிசி ஒவ்வொரு கட்சிக்கும் எவ்வளவு இடம் என்று கவனிக்கும். மன்னராட்சியே வேண்டாம் என்பவர்களுக்கு கிறிஸ்துமஸ் பிற்பகலில் எவ்வளவு இடம் என்று யாரும் கணக்குப் போடுவதில்லை. ஏன்னா, அது 'அரசியல் இல்லை, மரபு'. ஆனால் அந்த மரபைக் கட்டியதே ஒளிபரப்பு நிறுவனம்தான் என்று மேலே பார்த்தோம்.

இன்னொரு பொதுச்சேவை ஒளிபரப்பான சேனல் 4, 1993 முதல் 'மாற்று கிறிஸ்துமஸ் உரை' ஒளிபரப்புகிறது. 2008-ல் ஈரான் அதிபர் அகமதிநெஜாத், 2013-ல் எட்வர்ட் ஸ்னோடன் பேசினார்கள். 2020-ல் டீப்ஃபேக்கில் உருவான 'ராணி' வந்தார். கிண்டலாகத் தொடங்கிய அதுவும் இன்று ஒரு மரபு ஆகிவிட்டது.

அடுத்து என்ன?

பிபிசி ஓடுவது பெரும்பாலும் உரிமக் கட்டணத்தில். 2025 ஏப்ரலில் அது ஆண்டுக்கு 174.50 பவுண்டு ஆனது. நேரலை டிவி பார்க்கும் வீடுகள் கட்டியே ஆக வேண்டும். தொகையை முடிவு செய்வது அரசு. பிபிசி தலைவரை நியமிப்பதிலும் அரசின் கை இருக்கு. நடுநிலை விதிகளை மீறினால் கேட்க ஆஃப்காம் என்ற ஒழுங்குமுறை அமைப்பு இருக்கு. 2027-க்குள் புதிய சாசனம் முடிவாகும்போது இந்தக் கட்டணமும் நியமன முறையும் மறுபடி மேசைக்கு வரும். பணமும் பதவியும் அரசின் கையில் இருக்கும்போது, 'பிபிசி சாய்கிறது' என்ற குரல் வெறும் விமர்சனமாக நிற்பதில்லை. அது பேரம் பேசும் ஆயுதமாகவும் மாறும்.

அதனால் 'இது மரபு', 'இது பாரபட்சம்' என்று யார் சொன்னாலும் மூணு கேள்வி கேட்டுப் பாருங்க. எப்போது தொடங்கியது? யார், எதுக்காகத் தொடங்கினார்கள்? ஒன்றிரண்டு உதாரணத்தை வைத்துச் சொல்கிறார்களா, முழுசா எண்ணிப் பார்த்துச் சொல்கிறார்களா?

பிடிக்காத சேனலிடம் இதைக் கேட்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நமக்குப் பிடித்த சேனலிடமும் கேட்கிறோமா என்பதுதான் விஷயம். எங்களையும் சேர்த்தே சொல்கிறோம்!