யாருடைய உடலில் சோதனை, யாருக்குச் சிகிச்சை?



நினைவுச் சொற்பொழிவில் குடியையும் போதையையும் பேசுபொருளாக்குவது குறித்து நம்மில் பலருக்குத் தயக்கம் உண்டு. சேரி என்றாலே சாராயம் என்று எழுதிப் பழகியவர்களுக்கு நாமே இடம் கொடுப்பதா என்ற தயக்கம் அது. நியாயமானதுதான். ஆனால் நாம் பேசாவிட்டாலும் அந்தப் பேச்சு நின்றுவிடப் போவதில்லை. நம்மைப் பற்றி மற்றவர்கள் பேசுவார்கள். இதே நிலையில் நிறுத்தப்பட்ட இரண்டு மக்கள் கூட்டங்கள் வட அமெரிக்காவில் உண்டு: பூர்வகுடிகளும் கறுப்பின மக்களும். மனமயக்க மருந்துகளைக் கொண்டு குடிநோயையும் மனநோயையும் குணப்படுத்தலாம் என்று இன்று உலகமெங்கும் பேசப்படும் 'சைக்கடெலிக் சிகிச்சை'யின் வரலாற்றை அவர்கள் நிற்கும் இடத்திலிருந்து வாசித்துப் பார்ப்போம்.

ஆல்ஃபிரட் ஸ்மித் என்பவரிலிருந்து தொடங்கலாம். ஓரிகன் மாநிலத்தின் கிளாமத் பூர்வகுடியைச் சேர்ந்தவர். 1919இல் பிறந்தவர். சிறுவயதிலேயே குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டு உறைவிடப் பள்ளிகளில் அடைக்கப்பட்டார். வளர்ந்து குடிநோயாளியானார். 1954இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டத்தின் மூலம் கிளாமத் மக்களைப் பூர்வகுடி என்று அங்கீகரிப்பதையே கைவிட்டது. அவர்களுடைய காடுகள் கைமாறின. 1957இல் ஸ்மித் குடியை விட்டார். அதன்பின் மற்றவர்களைக் குடியிலிருந்து மீட்கும் ஆலோசகரானார். 1984இல் பூர்வகுடி அமெரிக்கத் திருச்சபையின் சடங்கு ஒன்றில் பெயோட்டி உட்கொண்டதற்காக, அவர் ஆலோசகராக இருந்த மறுவாழ்வு நிறுவனம் அவரை வேலையிலிருந்து நீக்கியது. வேலையில்லாதோருக்கான உதவித்தொகையும் மறுக்கப்பட்டது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை போனது. 1990 ஏப்ரலில், ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது.

பெயோட்டி என்பது தெற்கு டெக்சாஸிலும் வடக்கு மெக்சிகோவிலும் விளையும் முள்ளில்லாத சிறு கள்ளி. அதில் மெஸ்கலின் என்ற பொருள் உள்ளது. அதை மையமாகக் கொண்ட திருச்சபை 1918இல் ஓக்லஹோமாவில் பதிவு செய்யப்பட்டது. இரவு முழுதும் கூடாரத்தில் நெருப்பைச் சுற்றி அமர்ந்து, மேளமடித்துப் பாடி, விடியலில் முடிக்கும் வழிபாடு அது. குடியை விலக்குவது அந்த வழியின் அடிப்படை நெறிகளில் ஒன்று. நிலம் போய், மொழி போய், பிள்ளைகளும் பிடுங்கப்பட்ட ஒரு மக்கள், தங்களுக்குத் தாங்களே உருவாக்கிக்கொண்ட குடி மறுவாழ்வு அமைப்பு அது என்றே நாம் சொல்வோம். அரசு அதைத்தான் குற்றமாகப் பார்த்தது.

அதே அரசு பூர்வகுடிகளுக்கு மது விற்பதையும் 1832 முதல் 1953 வரை தடை செய்திருந்தது. அக்கறையால் அல்ல, 'செவ்விந்தியனின் ரத்தம் சாராயத்தைத் தாங்காது' என்ற நம்பிக்கையால். அந்த நம்பிக்கைக்கு உயிரியல் ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. பிறப்பிலேயே குறை என்ற இந்த வாதத்தை வேறு வடிவத்தில் நாம் நன்றாக அறிவோம்.

இனி கென்டக்கி மாநிலத்துக்குப் போவோம். 1935இல் லெக்சிங்டன் நகருக்கு அருகே, பாதி சிறையும் பாதி மருத்துவமனையுமாக ஒரு நிலையத்தை அமெரிக்க அரசு திறந்தது. பெயர் 'போதைப் பண்ணை'. ஜாஸ் இசைக்கலைஞர் சன்னி ரோலின்ஸ் 1955இல் அங்கே சிகிச்சை பெற்று மீண்டார். அப்படி நன்மையும் நடந்த இடம்தான். அங்கிருந்த ஆய்வு மையத்தில் ஏபிரகாம் விக்லர் என்ற மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். மார்ஃபினை விட்டுப் பல மாதமான கைதிகள், குழுவாக உட்கார்ந்து போதையைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் கொட்டாவி விட்டார்கள்; மூக்கிலும் கண்ணிலும் நீர் வடிந்தது. உடலில் மருந்தே இல்லை, ஆனால் மருந்தை நிறுத்திய அன்றைய துன்பம் திரும்பி வந்தது. ஊருக்குத் திரும்பியவுடன் பழைய தெருவும் பழைய முகங்களும் இதே வேலையைச் செய்கின்றன என்றார் விக்லர். மன உறுதியின்மை என்று ஊர் ஏசுவதற்குப் பின்னால் ஒரு கற்றல் விதி இருக்கிறது என்பது இதன் பொருள். பின்னர் வியட்நாமிலிருந்து திரும்பிய அமெரிக்கப் படைவீரர்களை ஆராய்ந்த லீ ராபின்ஸ் மறுபக்கத்தைக் காட்டினார். அங்கே ஹெராயினுக்கு அடிமையாக இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் நாடு திரும்பியபின் மீண்டும் அடிமையாகவில்லை. போர்க்களம் அகன்றது, போதையும் அகன்றது. சூழல் மாறாதவர்களுக்கு இந்த வாய்ப்பு ஏது?

ஆங்கிலத்தில் போதைக்கு ஆட்பட்டவரைக் குறிக்கும் சொல், கடனைத் தீர்க்க முடியாமல் கடன் கொடுத்தவரிடம் ஒப்படைக்கப்பட்டவரைக் குறித்த ரோமானியச் சட்டச் சொல்லிலிருந்து வந்தது. நாமும் 'குடிக்கு அடிமை' என்கிறோம். கொத்தடிமை முறையை அறிந்த சமூகம் இந்தச் சொல்லை அவ்வளவு எளிதாகக் கடந்துவிட முடியாது.

அதே லெக்சிங்டனில், அதே மையத்தின் இயக்குநர் ஹாரிஸ் இஸ்பெல், சி.ஐ.ஏ.வின் மறைமுக நிதியுடன் எல்.எஸ்.டி. சோதனைகள் நடத்தினார். உட்படுத்தப்பட்டவர்களில் பெரும்பாலோர் கறுப்பினக் கைதிகள். ஏழு பேருக்குத் தொடர்ந்து 77 நாட்கள் எல்.எஸ்.டி. கொடுக்கப்பட்டது, உடல் பழகப் பழக அளவு கூட்டப்பட்டது. அவர்கள் 'சுயவிருப்பத்தோடு' வந்தவர்கள் என்று பதிவேடு சொல்லும். கூலியாக என்ன கிடைத்தது? தண்டனைக் காலத்தில் கழிவு, அல்லது ஹெராயின், மார்ஃபின். போதையிலிருந்து மீட்பதற்காக அடைத்த இடத்தில் போதையே கூலி. 1975இல் செனட் விசாரணையில் இது வெளிவந்தது. மறு ஆண்டு அங்கே கைதிகள் மீதான ஆய்வு முடிவுக்கு வந்தது.

இதே காலத்தில், இதே மருந்து, கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் வேறு விதமாகக் கையாளப்பட்டது. அங்கே அப்போது டாமி டக்ளஸின் சோஷலிச அரசு. 1951இல் பிரிட்டனிலிருந்து வேபர்ன் மனநல மருத்துவமனைக்கு வந்த ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட், ஏபிரம் ஹோஃபருடன் சேர்ந்து 1953இல் இரண்டு குடிநோயாளிகளுக்கு எல்.எஸ்.டி. கொடுத்தார். முற்றிய குடியில் வரும் பயங்கரப் பிதற்றலைச் செயற்கையாக உண்டாக்கினால் பயந்து குடியை விடுவார்கள் என்பது திட்டம். நடந்தது வேறு. பயத்தால் அல்லாமல், தன் வாழ்வைப் புதிதாகப் பார்த்த அனுபவத்தால் குடியை விட்டதாக நோயாளிகள் சொன்னார்கள். எனவே அறையை மாற்றினார்கள்: சோபா, பூக்கள், இசை, நாள் முழுதும் உடன் இருக்கும் ஒரு மனிதர். மருத்துவர்கள் அந்த மருந்தை முதலில் தாங்களே எடுத்துப் பார்த்தார்கள். டொராண்டோவில் வேறொரு குழு நோயாளிகளின் கண்ணைக் கட்டி, உடலைப் பிணைத்து இதைச் சோதித்தது. பயனில்லை என்று அறிவித்தது. மருந்து மட்டுமல்ல, அது எந்தச் சூழலில், யாருடைய துணையோடு கொடுக்கப்படுகிறது என்பதும் சிகிச்சையின் பாதி என்பதை மருத்துவ உலகம் இப்படித்தான் கற்றது.

பெயோட்டி கூடாரத்தில் அது ஏற்கெனவே தெரிந்திருந்தது. 1956 அக்டோபரில், கனடிய அரசு பெயோட்டியைத் தடை செய்ய நினைத்தபோது, திருச்சபைத் தலைவர் ஃபிராங்க் டேக்ஸ் கன் இந்த மருத்துவர்களைச் சஸ்காச்சுவானில் ஒரு சடங்குக்கு அழைத்தார். ஆஸ்மண்ட் உள்ளே அமர்ந்து விடியும் வரை பங்கேற்றார். தடைக்கு எதிராகப் பேசினார். 'சைக்கடெலிக்' என்ற சொல்லை 1957இல் அறிவுலகத்தின் முன் வைத்தவரும் அவர்தான். சொல்லை வைத்தவர் பெயர் பாடநூலில் உண்டு. கூடாரத்துக்கு அழைத்தவர் பெயரைத் தேட வேண்டியிருக்கிறது.

1970இல் அமெரிக்கச் சட்டம் இவற்றை மருத்துவப் பயனற்ற பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. ஆய்வு ஏறக்குறைய உறைந்தது. பழைய எல்.எஸ்.டி. ஆய்வுகளில் ஆறு சோதனைகளை, மொத்தம் 536 பேரை, 2012இல் ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டார்கள். மருந்து பெற்ற குடிநோயாளிகளில் 59 விழுக்காட்டினரும் மற்றவர்களில் 38 விழுக்காட்டினரும் முன்னேற்றம் கண்டிருந்தார்கள். 2022இல் நியூயார்க்கில் சைலோசைபின் சோதனையிலும் கடுங்குடி நாட்கள் பாதிக்கும் கீழே குறைந்தன. நம்பிக்கை தரும் எண்கள்தான். ஆனால் யாருக்கு உண்மையான மருந்து போனது என்பதைப் பங்கேற்றவர்களே எளிதில் ஊகித்துவிடும் சோதனைகள் இவை. தீவிர மனச்சிதைவு உள்ளவர்களை இவற்றில் சேர்ப்பதில்லை. பல மணிநேர ஆலோசனையும் கண்காணிப்பும் இல்லாமல் தெருவில் வாங்கி விழுங்குவதற்கும் இந்தச் சிகிச்சைக்கும் சம்பந்தமில்லை என்பதை இளம் தோழர்கள் மனதில் கொள்ள வேண்டும்.

யார் இந்தச் சோதனைகளில் பங்கேற்கிறார்கள்? 1993 முதல் 2017 வரை வெளியான 18 ஆய்வுகளின் 282 பங்கேற்பாளர்களைக் கணக்கெடுத்தபோது, 82.3 விழுக்காட்டினர் வெள்ளையர், கறுப்பினத்தவர் 2.5 விழுக்காடு. லெக்சிங்டனின் விகிதம் அப்படியே தலைகீழாகிவிட்டது. ஆபத்து இருந்தபோது கறுப்புடல் தேவைப்பட்டது, பலன் வரும்போது தேவைப்படவில்லை.

ஆல்ஃபிரட் ஸ்மித்தின் ஓரிகனுக்குத் திரும்புவோம். அவரது தோல்விக்குப் பின் எழுந்த எதிர்ப்பால், 1994இல் பூர்வகுடிகளின் பெயோட்டி சடங்கைப் பாதுகாக்கும் கூட்டாட்சிச் சட்டம் வந்தது. ஸ்மித் 2014இல் காலமானார். ஆறு ஆண்டுகள் கழித்து, அதே ஓரிகன் மக்கள் வாக்கெடுப்பில் சைலோசைபின் சேவையைச் சட்டபூர்வமாக்கிய முதல் மாநிலம் ஆனது. 2023 முதல் அங்கே உரிமம் பெற்ற மையங்கள் இயங்குகின்றன. ஒரு அமர்வுக்கான கட்டணம் பல இடங்களில் ஆயிரம் டாலரைத் தாண்டுகிறது.

இந்த மருந்துகளைக் குற்றப்பட்டியலிலிருந்து நீக்கக் கோரும் இயக்கம் நகரங்களில் பரவியபோது, 2020இல் பூர்வகுடித் திருச்சபைகளின் கூட்டமைப்பு ஒரு வேண்டுகோள் விடுத்தது: உங்கள் பட்டியலில் பெயோட்டியைச் சேர்க்காதீர்கள். அந்தக் கள்ளி காட்டில் முதிர்வதற்குப் பத்து ஆண்டுகளுக்கும் மேலாகும். அது விளையும் டெக்சாஸ் நிலத்தின் பெரும்பகுதி தனியார் பண்ணைகளின் வேலிக்குள் இருக்கிறது.